நாணயத் தரமிடல்: வண்ணக்கர் முதல் முத்திரைப் பேழை வரை

நாணயத் தரமிடல் என்பது ஒரு நாணயம் உண்மையானதா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதன் பரப்பு எந்த நிலையில் உள்ளது என்பவற்றை ஆராய்ந்து அதற்குத் தரக்குறியீடு வழங்கும் பணியாகும். இன்று இதைத் தொழில்முறை நிறுவனங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு செய்கின்றன. ஆராயப்பட்ட நாணயத்தைத் தெளிந்த நெகிழிப் பேழையில் வைத்து மூடி, 1 முதல் 70 வரையிலான எண் ஒன்றை அதன் மேல் பொறித்துத் தருகின்றன. ஓர் எண் கூடினாலும் குறைந்தாலும் விலை பல மடங்கு மாறக்கூடும். ஆகவே அந்த எண்ணை இட்டவர் எவ்வளவு கண்டிப்பானவர், அதே நாணயத்தை நாளை மீண்டும் பார்த்தாலும் அதே எண்ணைத்தான் இடுவாரா என்ற கேள்விகள் நாணயம் சேர்ப்போரிடையே ஓயாமல் எழுகின்றன. இக்கேள்விகள் புதியவை அல்ல. தமிழ்நாட்டில், குறிப்பாகத் திண்டுக்கல் சமவெளியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும், இவற்றின் தடயங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைக்கின்றன.

பழனிப் பகுதியும் உரோமப் பொற்காசுகளும்

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடையே விரியும் திண்டுக்கல் சமவெளி, கரூரிலிருந்து மதுரைக்கும் பழனி வழியாகக் கொங்கு நாட்டுக்கும் செல்லும் வழிகள் கூடும் இடமாகும். பழனிக்கு அருகிலுள்ள கலையம்புத்தூரில் 1856-ஆம் ஆண்டு அறுபதுக்கும் மேற்பட்ட உரோமப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் காலம் முதல் நெர்வா காலம் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவற்றில் இருந்தன. கொங்கு நாட்டின் மற்ற இடங்களிலும் உரோமக் காசுகள் பெருமளவில் கிடைத்துள்ளன.

தரமிடலின் வரலாற்றுக்கு இவற்றைவிட முக்கியமானது புதுக்கோட்டைப் புதையல். 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காகுறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவத்தின் மீது உளியால் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. தவறுதலாக விழுந்த கீறல்கள் அல்ல அவை. ஒவ்வொரு காசையும் தனித்தனியே எடுத்து வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

ஏன் வெட்டினார்கள் என்பது பற்றி அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. இப்புதையலை ஆராய்ந்த பிரித்தானிய அருங்காட்சியக நாணயவியலாளர் ஜி. எப். ஹில், வெட்டப்பட்ட காசுகள் தேய்ந்து எடை குறைந்தவை என்பதைக் கவனித்தார். தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்கவே வெட்டியிருக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசிய போலியா என்று அறிய வெட்டினார்கள் என்று கருதுவோரும் உண்டு. அயல்நாட்டு மன்னனின் உருவத்தை அழித்து, காசை வெறும் பொன்னாக மட்டும் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் என்று சொல்வோரும் உண்டு. ஹில்லின் விளக்கம் சரியானால், தமிழகத்தில் நாணயத் தரமிடலுக்குக் கிடைக்கும் மிகப் பழைய பருப்பொருள் சான்றுகளில் இது ஒன்றாகும். அங்கே தரங்கள் இரண்டுதாம்: செல்லும், செல்லாது. செல்லாது என்ற தீர்ப்பைக் காசின் மேலேயே எழுதிவிட்டார்கள்.

அர்த்தசாத்திரத்திலும் இதே நடைமுறை இடம்பெறுகிறது. கருவூலத்தில் காசு பெறும்போது நாணயப் பரிசோதகர் தூயது எனச் சொன்னதை மட்டுமே ஏற்க வேண்டும், தூய்மையற்றதை வெட்டிவிட வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. அப்பரிசோதகருக்கு 'ரூபதர்சகர்' என்று பெயர். உருவத்தைப் பார்ப்பவர் என்பது பொருள். பரிசோதனைக்கென நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கு கட்டணம் பெறப்பட்டதாகவும் அந்நூலால் அறிகிறோம். தரமிடுவதற்குக் கட்டணம் என்பதும் பழைய வழக்கமே.

வண்ணக்கர்

தமிழில் நாணயப் பரிசோதகரைக் குறிக்கும் பழஞ்சொல் 'வண்ணக்கர்' அல்லது 'வண்ணக்கன்' என்பதாகும். சங்கப் புலவர்கள் சிலர் இப்பெயரைத் தாங்கியுள்ளனர். வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகியோர் அவர்களுள் சிலர். பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்தவர்கள் செய்யுளும் இயற்றியிருக்கிறார்கள். இத்தொழில் செய்தவர்கள் எழுத்தறிவும் சமூக மதிப்பும் உடையவர்களாக இருந்தனர் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

ஈரோடு மாவட்டம் அரச்சலூரில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டிலும் ஒரு வண்ணக்கர் வருகிறார். இசை அல்லது தாள எழுத்துகளை அமைத்தவராக வண்ணக்கன் தேவன் சாத்தன் என்பவரை அது குறிப்பிடுகிறது. மணியை ஆராய்பவர் என்றும் இவரைக் கொள்வர். மணியாயினும் காசாயினும் கண்ணும் கையும் பயின்றவர் ஒருவரே பார்த்திருக்கக் கூடும். அரச்சலூர் இருப்பது பழனிக்கு வடக்கே, கொங்கு நாட்டில், உரோமக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த பகுதியில் என்பது கவனிக்கத்தக்கது. வெளிநாட்டுக் காசு நிறைய வந்த இடத்தில் அதைச் சோதித்துச் சொல்பவருக்கு வேலையும் இருந்திருக்கும்.

மாற்றும் நிறையும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் பொன்னின் தரம் மிக நுட்பமாகக் குறிக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன், 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. அணிகலன்களை நிறுக்கத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற தனிக் கல் இருந்தது. பொன்னின் தூய்மைக்குத் 'தண்டவாணி' என்பது அளவையாகக் கொள்ளப்பட்டது. சில பொருள்களின் பொன் தண்டவாணியைவிட எவ்வளவு தாழ்ந்தது என்பதையும் கல்வெட்டு விடாமல் சொல்கிறது. அரசன் கொடுத்த பொன்னாயிற்றே என்று குறையை மறைக்கவில்லை.

இம்முறையின் அடிப்படை ஆணியும் உரைகல்லும். தூய்மை அறிந்த பொன்னாணிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, சோதிக்க வேண்டிய பொன்னையும் ஆணியையும் உரைகல்லில் பக்கத்தில் பக்கத்தில் உரைத்து, கோடுகளின் நிறத்தை ஒப்பிடுவார்கள். இன்றும் வழங்கும் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற தொடர் அந்த அளவுமுறையின் எச்சமே. பார்ப்பவரின் கண்ணே முடிவு செய்தாலும், ஒப்பிடுவதற்கு ஆணி என்ற பொதுப்பொருள் கையில் இருந்தது. ஐயம் வந்தால் வேறொருவர் அதே ஆணியைக் கொண்டு உரைத்துப் பார்க்கலாம். எடைக்கோ துலாக்கோல் இருந்தது. ஆக, மாற்றும் நிறையும் மறுபடி சோதிக்கக்கூடியவை. தேய்மானத்தின் அழகும் பரப்பின் பொலிவும் அப்படிப்பட்டவை அல்ல. இன்றைய தரமிடலின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கும்பினி ஆட்சியும் சராப்புகளும்

1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலக் கும்பினியிடம் சென்றது. ஒரு தலைமுறைக்குள் ஆட்சிகள் இப்படி மாறிய பகுதியில் வராகன், பணம், காசு, ரூபாய் எனப் பலவகை நாணயங்கள் கலந்து புழங்கின. சென்னை மாகாணக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆனால் இது கணக்கேட்டில்தான். சந்தையில் ஒவ்வொரு வகைக்கும், ஒவ்வொரு தேய்மானத்துக்கும் தனி விலை இருந்தது. அந்த விலையைச் சொன்னவர்கள் சராப்புகள் எனப்பட்ட நாணய மாற்றுநர்கள். அவர்கள் காசைச் சுண்டி ஓசை கேட்டு, விரலால் தடவி, எடை போட்டு, குறைக்கு ஏற்ப 'வட்டம்' என்ற கழிவைப் பிடித்துக்கொண்டனர்.

இம்முறையின் குறை வெளிப்படையானது. தரம் சொல்பவரே மாற்றிக் கொடுத்து ஆதாயம் பெறுபவராகவும் இருந்தார். காசைத் தாழ்த்திச் சொன்னால் அவருக்கே இலாபம். வரி கட்ட வந்த குடியானவருக்கு வேறு சராப்பிடம் சென்று கேட்க நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. கண்டிப்பு என்பது எப்போதும் நேர்மை ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

1818-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் முதன்மை நாணயமானது. 1835-இல் கும்பினி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. அதன் எடை 180 குன்றிமணி அல்ல, 180 கிரெயின், ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பின்னர் 1906-ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டம் தேய்மானத்துக்கும் எல்லை வகுத்தது. வெள்ளி ரூபாய் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை இழக்காதிருந்தால்தான் சட்டப்படி செல்லும். அதாவது 3.6 கிரெயின் வரைதான் தேயலாம். அளவுக்கு மீறித் தேய்ந்ததையும் கள்ளத்தனமாகச் சுரண்டப்பட்டதையும் அதிகாரம் பெற்ற அலுவலர் வெட்டவோ உடைக்கவோ வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. அர்த்தசாத்திரம் சொன்ன அதே வெட்டுதான். சராப்பின் கண்ணுக்குப் பதிலாகத் தராசு வந்ததால், திண்டுக்கல் கருவூலத்திலும் கல்கத்தாக் கருவூலத்திலும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடிந்தது.

பழக்கம் மட்டும் போகவில்லை. சந்தையில் ரூபாயைக் கல்லில் சுண்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் வெள்ளி ரூபாய் இருந்தவரை நீடித்தது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுக் கடைகளிலும் பேருந்துகளிலும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்ததும் ஒருவகைத் தரமிடலே, ஆனால் தவறான தரமிடல். பல வடிவங்களில் வந்ததால் போலி என்ற ஐயம் பரவியது. 14 வடிவங்களும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் விளக்க வேண்டியிருந்தது.

எழுபது புள்ளி அளவுகோல்

நாணயம் புழங்குபொருள் என்ற நிலை மாறிச் சேகரிப்புப் பொருளானபோது, செல்லும் அல்லது செல்லாது என்ற இரு தரங்கள் போதவில்லை. முதலில் 'நன்று', 'மிக நன்று', 'மிகச் சிறப்பு', 'புழங்காதது' போன்ற சொற்களால் தரம் குறித்தனர். இந்திய ஏலப் பட்டியல்களில் இச்சொல்வழித் தரங்களின் ஆங்கிலச் சுருக்கங்களை இன்றும் காணலாம்.

1949-இல் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் தம் நாட்டின் பழைய செம்பு சென்டு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வெளியிட்டார். அடையாளம் மட்டும் தெரியும் நிலைக்கு 1, குறையே இல்லாததற்கு 70. 70 தர நாணயம் 1 தர நாணயத்தைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. எண் முதலில் விலையைக் குறித்தது, பின்னர்தான் நிலையைக் குறிக்கலாயிற்று. விலைக்கணக்கு விரைவில் பொய்த்தது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. இன்று 60 முதல் 70 வரை புழங்காத நாணயங்களுக்கு உரியவை.

ஷெல்டனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவர் இறந்த பிறகு, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த உயர்தரச் சென்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் தாழ்ந்தவற்றை அவற்றின் இடத்தில் வைத்திருந்தார் என்பது தெரியவந்தது. தர வேறுபாட்டை அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

தொழில்முறை நிறுவனங்கள்

விற்பவரே தரம் சொல்வதால் வந்த ஏமாற்றுகளுக்கு மாற்றாக, விற்பனையில் பங்கில்லாத மூன்றாம் தரப்பு தேவைப்பட்டது. திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 1985-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் தோற்றம் பெற்றது. 1986-இல் அது பணியைத் தொடங்கியது. 1987-இல் என்.ஜி.சி. வந்தது. இவற்றின் முறை எளிது. ஒருவருக்குமேற்பட்ட தரமிடுவோர் நாணயத்தைத் தனித்தனியே, உடைமையாளர் யாரென்று அறியாமல் பார்த்து எண் இடுவர். கருத்து வேறுபட்டால் மூத்தவர் முடிவு செய்வார். பின்னர் நாணயம் வரிசை எண்ணுடன் பேழையில் மூடப்படும். சராப்பிடம் இல்லாத நடுநிலை இதில் இருந்தது.

ஆனால் ஒரே சீரான தரம் கிடைத்ததா? தன் தரமிடலின் சீர்மையையும் புறநிலைத் தன்மையையும் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக பி.சி.ஜி.எஸ். மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990-இல் நடவடிக்கை எடுத்தது. அது உடன்பாட்டில் முடிந்தது. 2003-இல் 'காயின் வேர்ல்டு' இதழ் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அதே நாணயங்களைப் பல நிறுவனங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பார்த்ததில், எந்த ஒரு நாணயத்துக்கும் எல்லா நிறுவனங்களும் ஒரே தரத்தைத் தரவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. பேழையை உடைத்து நாணயத்தை வெளியே எடுத்து, முன்பு பெற்ற தரத்தைச் சொல்லாமல் மீண்டும் அனுப்பலாம். 64 வந்த நாணயத்துக்கு 65 வரும்வரை வணிகர் சிலர் இப்படித் திரும்பத் திரும்ப அனுப்புகின்றனர். கூடுதல் எண் வந்ததும் நிறுத்திவிடுவர். தரமிடுவோர் ஒருமுறை கண்டிப்பாகவும் மறுமுறை சற்றுத் தளர்வாகவும் இருந்தால் போதும், காலப்போக்கில் அந்தத் தளர்ந்த தீர்ப்பே பேழையில் தங்கிவிடும். எவரும் நேர்மை தவறாமலேயே சந்தையிலுள்ள எண்கள் மேல்நோக்கி நகரும். இதைத் தரவீக்கம் எனலாம். புதுக்கோட்டைக் காசை வெட்டியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வெட்டுப்பட்ட காசை எடுத்துக்கொண்டு இன்னொரு வண்ணக்கரிடம் போய்ப் புதிதாகத் தரம் கேட்க முடியாது.

தரவீக்கத்துக்குச் சந்தை கண்ட தீர்வு, தரமிட்டவர் மேல் இன்னொரு தரமிடுவோர். என்.ஜி.சி.யைத் தொடங்கிய ஜான் அல்பனீஸ் 2007-இல் சி.ஏ.சி. என்ற நிறுவனத்தை நிறுவினார். ஏற்கெனவே பேழையிலுள்ள நாணயத்தைப் பார்த்து, எண்ணுக்குத் தகுதியானதாக இருந்தால் பச்சை ஒட்டு, எண்ணைவிட மேம்பட்டதாக இருந்தால் பொன்னிற ஒட்டு இடுவது அதன் பணி. நிறுவனங்களின் எண்ணை அப்படியே நம்ப இயலவில்லை என்பதைச் சந்தை ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம். 2023-இல் சி.ஏ.சி.யும் தனியே பேழையிட்டுத் தரமிடத் தொடங்கியது. இனி அதைச் சோதிக்க யார் வருவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இதற்கிடையில் பேழைகளையே போலியாகச் செய்பவர்களும் வந்துவிட்டனர். 2008-இல் இரு பெரிய நிறுவனங்களும் அதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தன.

எண் பொருந்தாத நாணயங்கள்

ஆலையில் ஒரே வார்ப்பாக அச்சான நாணயங்களுக்கே எழுபது புள்ளி முறை ஏற்றது. 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசு அரிக்கப்பட்டிருந்தாலும், எழுத்து படிக்க முடிந்தால் வரலாற்றுக்கு விலைமதிப்பற்றது. அதே முறையில் தரமிட்டால் அது அடித்தட்டில் நிற்கும். இதை உணர்ந்தே என்.ஜி.சி. தொல்பழங்காசுகளுக்கு அச்சின் தெளிவுக்கும் பரப்பின் நிலைக்கும் ஐந்துக்கு இத்தனை எனத் தனித்தனி மதிப்பெண் தருகிறது. பிரித்தானிய இந்திய நாணயங்களில் வேறொரு சிக்கல் உண்டு. பம்பாய், கல்கத்தா அக்கசாலைகள் பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்போருக்காகப் பின்னாளில் மறுஅச்சு நாணயங்களை வெளியிட்டன. அவை அழகாக இருக்கும், ஆனால் மூல நாணயங்கள் அல்ல. இவற்றை இனம்பிரிப்பது எண் இடுவதைவிட முக்கியமான வேலை.

நம் வீடுகளில் உள்ள பழைய வெள்ளி ரூபாய்களுக்குப் பெரிய கேடு புளியும் திருநீறும்தான். பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்துக்கு எந்த நிறுவனமும் முழுத் தரம் தராது. 'துலக்கப்பட்டது' என்ற குறிப்பு மட்டுமே கிடைக்கும். நூறாண்டில் படிந்த மங்கலான நிறம் அழுக்கு அல்ல, அதுவே நாணயத்தின் மேல்தோல்.

இந்தியச் சட்டநிலை

தரமிடலுக்காக நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்போர் இரண்டு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ தவிர வேறெவரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் உருவத்தில் யானையின் துதிக்கை பன்றி முகம்போல் தெரிகிறதென்று எதிர்ப்பு எழுந்து திரும்பப் பெறப்பட்ட 1911-ஆம் ஆண்டு ரூபாய், இந்த வரம்புக்குள் என்றோ வந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் மேலும் ஓர் ஆண்டின் நாணயங்கள் இதில் சேர்கின்றன.

மற்றொன்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நிலத்தில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைக்கும் காசுப்பானைக்கு இது பொருந்தும். அப்படிக் கிடைத்தவற்றைக் கழுவாமல், பிரிக்காமல், கிடைத்த பானையுடனும் அந்த இடத்து மண்ணுடனும் ஒப்படைத்தால்தான் அவை எந்தக் காலத்தில், எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்பதை ஆய்வாளர்கள் அறிய முடியும்.